வெளியூர் சகாக்களுக்கு விருந்தா? சத்தமில்லாத ஹோட்டல் பிடிக்கச் சில குறிப்புகள்

ஹெட் ஆபீஸிலிருந்து நாலு பேர் வருகிறார்கள், மதியம் எங்கே அழைத்துப்போய்ச் சாப்பாடு போடுவது? நன்னிலத்தில் வேலை பார்க்கும் எல்லோருக்கும் வருஷத்தில் ஒருமுறையாவது இந்தக் கவலை வந்துவிடும். நம்ம பக்கத்தில் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. உட்கார்ந்து நிம்மதியாக நாலு வார்த்தை பேசுகிற மாதிரி இடம்தான் வேண்டும். அதற்குத் திருவாரூருக்கோ கும்பகோணத்துக்கோ மயிலாடுதுறைக்கோ போகிறோம். நேரமும் மேஜையும் சரியாக அமைந்துவிட்டால் அங்கே ஒரு சாதாரண சைவ ஹோட்டலே போதும், பர்ஸைக் காலி செய்யும் இடமெல்லாம் தேவையில்லை. கைகண்ட சில வழிகளைச் சொல்கிறேன், தோழிகளே.

1. எந்த ஊர் என்று முடிவுசெய்யும்போது ருசியை அப்புறம் பாருங்கள், விருந்தாளி எந்த வழியாகத் திரும்புகிறார் என்று முதலில் கேளுங்கள். இரவு உழவன் எக்ஸ்பிரஸ் பிடிப்பவருக்குக் கும்பகோணமோ மயிலாடுதுறையோ சௌகரியம். திருச்சியில் விமானம் ஏறுபவருக்குக் கும்பகோணம் அல்லது தஞ்சாவூர். சாப்பிட்ட கையோடு வழியனுப்பிவிட்டு நாமும் நேரத்தோடு வீடு வந்து சேரலாம்.

2. நன்னிலத்திலிருந்து திருவாரூருக்கு அரைமணி நேரம், குடவாசல், நாச்சியார்கோயில் வழியாகக் கும்பகோணத்துக்கு ஒரு மணி நேரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அறுவடைச் சமயத்தில் பாதி ரோட்டில் நெல் காயும், மீதியில் டிராக்டர் போகும். அப்போது இன்னும் கால்மணி கூட்டிக்கொள்ளுங்கள்.

3. ஹோட்டல் அமைதியானதா என்று அறிய நேரில் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. நீங்கள் சாப்பிடப் போகிற அதே நேரத்துக்கு, முதல் நாளே போன் போட்டு ஏதாவது கேளுங்கள். கல்லாவில் இருப்பவர் "என்ன சார்? சத்தமாப் பேசுங்க!" என்று கத்தினால் வேறு இடம் பாருங்கள். பின்னால் தட்டு விழும் சத்தம், டி.வி., ஆர்டர் கூவுவது எல்லாம் போனிலேயே கேட்டுவிடும். பஸ் செலவு மிச்சம்.

4. நம்ம ஊர்ச் சாப்பாட்டு நெரிசல் பன்னிரண்டரைக்கு ஏறி இரண்டு மணிக்கு இறங்கும். பன்னிரண்டுக்கே உட்காருங்கள், இல்லாவிட்டால் இரண்டே காலுக்குப் போங்கள். தாமதமாகப் போவதானால் கூட்டு, பொரியல் தீர்ந்துபோகாமல் நாலு இலைக்கு எடுத்துவைக்கச் சொல்லி போனிலேயே சொல்லிவிடுங்கள்.

5. இலைச் சாப்பாடா, டிபனா? இதுதான் பலர் யோசிக்காமல் விடும் விஷயம். இலை போட்டு உட்கார்ந்தால் சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், மோர் என்று இரண்டு நிமிஷத்துக்கு ஒருவர் வாளியோடு வந்து "சார், கொஞ்சம்?" என்பார். விருந்தாளி ஆரம்பித்த வாக்கியத்தை முடிக்கவே முடியாது. மனசு குளிர உபசரிக்க வேண்டுமென்றால் இலைச் சாப்பாடு, ஆபீஸ் விஷயம் பேசி முடிக்க வேண்டுமென்றால் சாயங்கால டிபன். இரண்டும் வேண்டுமானால் சாப்பிடும்போது ஊர்க்கதை, ஃபைலைக் காபிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

6. தேதி குறிக்கும் முன் தினசரி காலண்டரைப் புரட்டி முகூர்த்த நாளா என்று பாருங்கள். முகூர்த்த நாளில் மண்டபத்துக்கு வந்த கூட்டம் பக்கத்து ஹோட்டல்களில்தான் காலை டிபனையும் காபியையும் முடிக்கும். வளர்பிறை முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் கும்பகோணத்தையே மறந்துவிடுங்கள்.

7. ஆடியில் கல்யாணம் இல்லாததால் ஹோட்டல்களின் பார்ட்டி ஹால் காலியாகக் கிடக்கும். பத்துப் பேருக்கு மேல் என்றால் அப்போது வாடகையைக் குறைத்துக் கேட்கலாம், பல இடங்களில் சாப்பாட்டுக் கணக்கு இத்தனை இலை என்று ஒத்துக்கொண்டால் ஹாலை இலவசமாகவே விடுவார்கள். மார்கழியிலும் கல்யாணம் கிடையாதுதான், ஆனால் ஐயப்ப பக்தர்களின் வேன்கள் வந்து சைவ ஹோட்டல்களை நிரப்பிவிடும்.

8. நவக்கிரகக் கோயில்களுக்கு நடுவே வாழ்கிறோம், அதனால் கிழமையையும் பார்த்தாக வேண்டும். சனிக்கிழமை திருநள்ளாற்றுக் கூட்டம் காரைக்கால் ஹோட்டல்களில் நிற்கும், வியாழக்கிழமை ஆலங்குடிக்கு வருபவர்கள் கும்பகோணத்தில்தான் சாப்பிடுவார்கள். ஞாயிறு மாலை நாலரையிலிருந்து ஆறு வரை ராகுகாலம், திருநாகேஸ்வரத்தில் பாலாபிஷேகம். அது முடிந்ததும் அத்தனை பேரும் டிபனுக்குத்தான் வருவார்கள். செவ்வாய் வைத்தீஸ்வரன்கோயில் கூட்டம் மயிலாடுதுறையைத் தொடும். கும்பகோணத்துக்குத் திங்களும் புதனும் தேவலை. சனிப்பெயர்ச்சி, குருப்பெயர்ச்சி சமயத்தில் சாப்பாட்டை ஆபீஸுக்கே வரவழைப்பது உத்தமம்.

9. சரஸ்வதி பூஜையும் விஜயதசமியும் சேர்ந்த நாட்களில் பூந்தோட்டம் பக்கமே கார் நகராது, கூத்தனூருக்குக் குழந்தைகளோடு வருகிற கூட்டம் அப்படி. திருவாரூரில் ஆழித்தேர் ஓடும் நாளும் அதே கதை. தேர் பார்க்க அழைத்துப்போங்கள், சாப்பாட்டை வேறு ஊரில் வைத்துக்கொள்ளுங்கள்.

10. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளா என்று பேப்பரில் "மின் நிறுத்தம்" பகுதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். காலை ஒன்பதிலிருந்து மாலை வரை கரண்ட் இருக்காது. சின்ன ஹோட்டல்களில் ஜெனரேட்டர் இருந்தாலும் ஃபேன்தான் ஓடும், ஏ.சி. ஓடாது. ஜெனரேட்டர் சத்தத்தில் பேச்சும் ஓடாது.

11. உள்ளே போனதும் சர்வர் காட்டுகிற மேஜையில் உட்கார்ந்துவிடாதீர்கள். கை கழுவுமிடம், கல்லா, சமையலறைக் கதவு, பார்சல் கவுண்டர் நாலுக்கும் தள்ளி, சுவரோரமாக ஒரு மூலை மேஜையைக் கேளுங்கள். டவராவும் தட்டும் கழுவுமிடத்தில் கொட்டும் சத்தம்தான் ஹோட்டலிலேயே பெரிய சத்தம்.

12. பழைய ஹோட்டல்களில் கல் மேஜையைத் தரையோடு பதித்திருப்பார்கள், சேர்த்துப் போட முடியாது. ஆறு பேர் போனால் நாலு பேர் ஒரு பக்கமும் இரண்டு பேர் வேறு பக்கமும் உட்கார நேரும், அந்த இரண்டு பேரில் ஒருவர் நிச்சயம் பெரிய ஆபீஸராக இருப்பார்! "ஆறு பேர் ஒண்ணா உட்கார முடியுமா?" என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

13. ஏ.சி. ஹாலில் ஐட்டத்துக்கு ஐட்டம் சில ரூபாய் கூடுதலாக இருக்கும். கதவு சாத்தியிருப்பதால் தெருவின் ஹாரன் சத்தம் உள்ளே வராது, அந்தக் காசு வீண் இல்லை. ஆனால் எதிரொலி வேறு விஷயம். சுற்றிலும் டைல்ஸும் கண்ணாடியுமாக இருந்தால் நாலு பேர் பேசுவது நாற்பது பேர் பேசுவதுபோல் கேட்கும். திரைச்சீலை தொங்கும் ஹால் நல்லது.

14. டி.வி.யை அணைக்கச் சொன்னால் மற்ற வாடிக்கையாளர்கள் முறைப்பார்கள், சத்தத்தை மட்டும் குறைக்கச் சொல்லுங்கள், யாரும் மறுப்பதில்லை. கிரிக்கெட் நாள் என்றால் டி.வி. இல்லாத ஹோட்டலாகப் பாருங்கள்.

15. இரவு விருந்தாக இருந்தால் "இன்னிக்கு பர்த்டே பார்ட்டி புக் ஆகியிருக்கா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பலூனும் பாட்டும் ஆரம்பித்துவிட்டால் ஒரு மணி நேரத்துக்கு ஒன்றும் செய்ய முடியாது.

16. முன்பதிவு எடுக்காத ஹோட்டலா? ஆபீஸில் சுறுசுறுப்பான ஒரு பையனை இருபது நிமிஷம் முன்னால் அனுப்பி மேஜைக்குத் துண்டு போட்டுவிடச் சொல்லுங்கள். பஸ்ஸில் செல்லுபடியாகும் வழக்கம் இங்கேயும் செல்லும். சும்மா உட்கார்ந்திராமல் ஒரு காபி வாங்கிக் குடிக்கச் சொல்லுங்கள், மேனேஜர் முகம் கோணாது.

17. டிப்ஸைக் கடைசியில் கொடுப்பதைவிட முதலிலேயே கொடுத்துப் பாருங்கள். ஐம்பது ரூபாயைக் கையில் வைத்து "அண்ணே, கொஞ்சம் பொறுமையாப் பரிமாறுங்க, பேசிக்கிட்டே சாப்பிடணும்" என்றால் பில்லை அவசரமாக நீட்ட மாட்டார். அந்த மேஜைக்கு அவரே காவல்.

18. காது கொஞ்சம் மந்தமான பெரியவர் வந்திருந்தால் அவரைச் சுவருக்கு முதுகு காட்டி உட்காரவையுங்கள். பின்னாலிருந்து சத்தம் வராமல், எதிரே பேசுபவர் முகமும் தெரிந்தால் அவருக்குப் பாதி சிரமம் குறையும்.

19. வெளியூர்க்காரர்களுக்குத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். சீரகம் போட்ட வெந்நீர் கேளுங்கள், நம்ம பக்கச் சைவ ஹோட்டல்களில் கேட்டால் காசில்லாமல் கிடைக்கும். பாட்டில் தண்ணீர்தான் வேண்டுமென்றால் வெளிக்கடையில் வாங்கிக் காரில் வைத்துக்கொள்வது மலிவு.

20. வடக்கிலிருந்து வருபவர்களில் வெங்காயம், பூண்டு சேர்க்காதவர்கள் உண்டு. கோயில் ஊர்களில் இது கஷ்டமே இல்லை, காலையில் போன் செய்து சொன்னால் இரண்டு கறி தனியாகச் செய்துவிடுவார்கள். செவ்வாய், ஏகாதசி விரதம் உண்டா என்றும் கேட்டுக்கொண்டால் அன்றைக்குப் பாலும் பழமும் முன்கூட்டிச் சொல்லி வைக்கலாம்.

21. மதிய நேரத்தில் சப்பாத்தி கேட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள். பல இலைச் சாப்பாட்டு ஹோட்டல்களில் அது சாயங்காலச் சரக்கு, மதியம் கிடைத்தால் காலையில் போட்டதாக இருக்கும். சோறு பழக்கமில்லாதவருக்கு நெய் ரோஸ்ட் எப்போதும் கைகொடுக்கும்.

22. இலைச் சாப்பாட்டுக்குப் புதியவர் என்றால் "போதும்" என்ற ஒரு வார்த்தையையும், இலைமேல் கையை விரித்துக் காட்டுவதையும் முன்பே சொல்லிக்கொடுங்கள். இல்லாவிட்டால் மூன்றாவது தடவை ரசம் வந்து, பாவம், மரியாதைக்காகச் சாப்பிட்டுத் திணறுவார். ஸ்பூன் ஒன்று கேட்டு இலையோரம் வைத்துவிடுங்கள், கேட்க அவர் கூச்சப்படுவார்.

23. கொஞ்சமாகச் சாப்பிடுகிறவர்களுக்கு முழுச் சாப்பாடு எதற்கு? மினி மீல்ஸ் அல்லது கலந்த சாதம் பாதி விலைக்கு வந்துவிடும், இலையில் சோறும் வீணாகாது. அளவில்லாச் சாப்பாட்டை இருவர் பங்கிடச் சில இடங்களில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், கேட்டுச் சங்கடப்பட வேண்டாம்.

24. அசைவப் பிரியர்கள் வந்தால் தஞ்சாவூரில் சத்தார்ஸ் பலருக்கும் தெரிந்த பெயர். கடல் மீனுக்குக் காரைக்கால், நாகப்பட்டினம் பக்கம் போகலாம். ஹலால் கேட்பவர்களுக்கு அந்த வழியில் சிரமமே இல்லை. ஒரே மேஜையில் சைவரும் அசைவரும் இருந்தால் சமையலறை தனித்தனியா என்று விசாரித்துவிடுங்கள், அந்தச் சைவர் நிம்மதியாகச் சாப்பிடுவார்.

25. காரைக்கால் என்றதுமே சிலர் முகத்தில் தனிக் களை வரும், அது புதுச்சேரி எல்லை. ஆபீஸ் விருந்தில் அந்தப் பேச்சை வளரவிடாதீர்கள். மதுக்கூடம் ஒட்டிய ஹோட்டலில் அமைதி கிடையாது, திரும்பும்போது பாட்டிலோடு எல்லை தாண்டினால் சோதனைச் சாவடியில் மரியாதையும் கிடையாது.

26. கும்பகோணம் பக்கத்து அடையாளமாக ஒன்றைக் காட்ட வேண்டுமென்றால் இட்லி தோசைக்குக் கடப்பா. பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்ந்த இந்தத் தொடுகறி எல்லா ஹோட்டலிலும் எல்லா நாளும் கிடையாது, எந்தக் கிழமை போடுகிறார்கள் என்று கேட்டுவிட்டுப் போங்கள். விருந்தாளி வேறெங்கும் சாப்பிட்டிருக்க மாட்டார், விலையோ இரண்டு இட்லி விலைதான்.

27. பேர்பெற்ற பழைய இடங்களைக் காலை டிபனுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கும்பேஸ்வரர் கோயிலை ஒட்டிய மங்களாம்பிகா விலாஸ் காபி கிளப், மயிலாடுதுறைக் காளியாகுடி ஹோட்டல் இதெல்லாம் ருசிக்கும் பெருமைக்கும் போகிற இடங்கள். அங்கே உட்கார்ந்து வரவு செலவு பேசுவது அந்த டிகிரி காபிக்கே அவமரியாதை.

28. நிஜமாகவே பெரிய ஆட்கள், செலவு கம்பெனிக் கணக்கு என்றால் சுவாமிமலை, வேப்பத்தூர் பக்கம் பழைய வீடுகளின் பாணியில் ஊருக்கு வெளியே இருக்கும் விடுதிகள் அமைதிக்குத் தோது. தஞ்சாவூரில் ஸ்வத்மாவும் அந்த ரகம். ஒன்றைக் கவனியுங்கள்: அறை வாடகை நாளொன்றுக்கு 7,500 ரூபாயைத் தாண்டும் ஹோட்டலுக்குள் சாப்பிட்டால் ஜி.எஸ்.டி. 18 சதவீதம், வெளியே சாதாரண ஹோட்டலில் 5 சதவீதம். ஆறு பேர் பில்லில் இந்த வித்தியாசம் ஒருவருடைய சாப்பாட்டுக் காசில் முக்கால்வாசி.

29. பில்லை மடித்துப் பையில் போடும் முன் ஒருமுறை படியுங்கள். காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் சின்ன ஹோட்டல் வாடிக்கையாளரிடம் தனியாக ஜி.எஸ்.டி. வாங்கக் கூடாது, அது பில்லிலேயே அச்சாகியிருக்கும். 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் இருக்கவேண்டும், அது இருந்தால் ஆபீஸ் கணக்குப் பிரிவும் கேள்வி கேட்காது.

30. "சர்வீஸ் சார்ஜ்" என்று ஒரு வரி தானாகச் சேர்ந்திருந்தால் எடுக்கச் சொல்லலாம். 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கொடுத்த வழிகாட்டுதல் இது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதைச் சரி என்றது. விருந்தாளி முன்னால் வாக்குவாதம் செய்யாமல் கல்லாவில் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள், மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் எண் இருக்கிறது.

31. "நான் தர்றேன், நீங்க விடுங்க" என்று கல்லா முன்னால் நடக்கும் மல்யுத்தம் நமக்குப் பெருமை, வெளியூர்க்காரருக்குத் தர்மசங்கடம். உட்காரும் முன்பே ஆயிரம் ரூபாய் அட்வான்ஸ் கொடுத்து "வேற யார் கொடுத்தாலும் வாங்காதீங்க" என்று சொல்லிவிடுங்கள். மோர் வரும் நேரத்தில் கை கழுவப் போவதுபோல் எழுந்துபோய்க் கணக்கை முடித்துவிடலாம்.

32. டிரைவர் சாப்பிட்டாரா என்று கேட்பது கடைசியில் அல்ல, முதலில். அவரைச் சாதா ஹாலில் நம்ம கணக்கிலேயே உட்காரவைத்துவிட்டால், நாம் எழுந்திருக்கும்போது வண்டி தயாராக இருக்கும்.

33. பெண் சகாக்கள் வருகிறார்கள் என்றால் கழிப்பறையை ஒரு பார்வை பார்த்துவிட்டே ஹோட்டலை முடிவுசெய்யுங்கள். வெளிநாட்டவர், முழங்கால் வலி உள்ளவர் இருந்தால் வெஸ்டர்ன் இருக்கிறதா, அது மாடியிலா கீழேயா என்றும் பாருங்கள். சாப்பாடு சுமாராக இருந்தால்கூட மன்னித்துவிடுவார்கள், இதை மறக்க மாட்டார்கள்.

34. கும்பகோணத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களுக்குள் பெரிய வண்டியைக் கொண்டுபோகாதீர்கள். சொந்தமாக நிறுத்துமிடம் உள்ள ஹோட்டல் நாலு தெரு தள்ளி இருந்தாலும் அதுவே மேல். வண்டி நிறுத்த அரைமணி சுற்றினால் பசியும் கோபமும் ஒன்றாக ஏறும்.

35. கோயில் பார்க்க ஆசைப்பட்டால் நடை சாத்தும் நேரத்தோடு சாப்பாட்டைப் பொருத்துங்கள். நம்ம பக்கம் பெரும்பாலும் பன்னிரண்டரைவாக்கில் சாத்தி, நாலு மணிக்குத் திறப்பார்கள். பதினொன்றுக்கு ஸ்ரீவாஞ்சியமோ திருமீயச்சூரோ போய்விட்டு அப்படியே கிளம்பினால், ஹோட்டலில் கூட்டம் இறங்கும் நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேரலாம்.

36. காபியை அதே மேஜையில் குடிக்காதீர்கள். பின்னால் இடத்துக்கு நிற்பவர் நம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருப்பார், பேச்சு ஓடாது. மூன்றரை மணிக்கு வேறொரு காபிக் கடை காலியாக இருக்கும். கும்பகோணமானால் மகாமகக் குளக்கரையில் ஒரு சுற்று நடந்துகொண்டே மீதி விஷயத்தையும் பேசிவிடலாம், நடப்பதற்குக் காசில்லை.

37. ஒரு எவர்சில்வர் டப்பாவும் துணிப்பையும் காரில் இருக்கட்டும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குத் தடை, பார்சல் டப்பாவுக்கு ஹோட்டல்காரர்கள் தனியாகக் காசு சேர்ப்பார்கள். மிஞ்சின வடையும் அல்வாவும் நம் டப்பாவில் வீட்டுக்கு வந்துவிடும்.

38. கிளம்பும்போது கையில் ஏதாவது கொடுக்க நினைத்தால் கனமாக வேண்டாம். கும்பகோணம் வெற்றிலைக் கவுளி ஒன்று, நீடாமங்கலம் பால் திரட்டு கால் கிலோ, அவ்வளவு போதும். வெற்றிலைக்கு 2025-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது என்று சொல்லிக் கொடுங்கள், விலை குறைவானாலும் மதிப்பு கூடிவிடும். குத்துவிளக்கு வாங்க ஆசைப்படுபவரை நாச்சியார்கோயிலில் பத்து நிமிஷம் இறக்கிவிடுங்கள், அவர் காசில் அவரே வாங்கட்டும்.

39. இத்தனை அலைச்சலும் வேண்டாம் என்றால் நன்னிலத்திலேயே முடித்துவிடுங்கள். கல்யாணச் சமையல் செய்யும் மாஸ்டர் ஒருவரிடம் இரண்டு நாள் முன்னால் சொன்னால் எட்டு பத்துப் பேருக்கும் சாம்பார், கூட்டு, வடை, பாயசத்தோடு செய்து கொண்டுவந்து ஆபீஸ் மேஜையிலேயே இலை போட்டுவிடுவார். கார் வாடகையே மிச்சம். இதைவிடச் சத்தமில்லாத இடம் எந்த ஊரிலும் கிடைக்காது என்பது என் தீர்ப்பு, ஆனால் ஃபேனைத் துடைத்துவைக்க மறக்காதீர்கள்.

40. நல்ல ஹோட்டல் ஒன்று அமைந்துவிட்டால் மேனேஜரின் எண், அமைதியான மேஜை எது, அன்றைக்குப் பரிமாறியவர் பெயர் மூன்றையும் போனில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை ஒரு போனோடு வேலை முடிந்துவிடும். உங்களுக்கு மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கம் அப்படி ஒரு மூலை மேஜை தெரிந்திருந்தால் எங்களுக்கும் எழுதுங்கள், தை அறுவடை முடிந்ததும் ஆடிட்காரர்கள் வருகிறார்கள்.